ஊசி போகும் வழியை மேசையில் வெட்டிப் பார்த்தோம்: யாழ்ப்பாணத்தில் செய்த மெய்நிகர் உடற்கூற்று மேசை

வாட்டில் நிற்கும் தாதிய மாணவிக்கு உடற்கூற்றியல் தேவைப்படுவது பெரும்பாலும் தோலுக்குக் கீழே ஒன்றிரண்டு அங்குல ஆழத்துக்குள்தான். ஊசி எந்தத் தசைக்குள் இறங்குகிறது, பக்கத்தில் எந்த நரம்பு ஓடுகிறது, சிறுநீர் எடுக்கும் குழாயான கதீற்றர் எந்த இடத்தில் வளைய வேண்டும், மூக்கால் விடும் குழாய் எங்கே தவறி மூச்சுக்குழாய்க்குள் போகும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாங்கள் படிப்பிப்பதோ புத்தகப் படத்தை வைத்து. அந்தப் படத்தில் தோலை முதலே உரித்து, கொழுப்பைத் துடைத்து, நாடிக்குச் சிவப்பும் நரம்புக்கு மஞ்சளும் பூசியிருப்பார்கள். கட்டிலில் கிடக்கும் மனிசரின் உடம்பில் அப்படி ஒரு நிறமும் இல்லை, எல்லாவற்றையும் தோல் மூடியிருக்கிறது. தோலில் இருந்து உள்ளே போகும் வழியைக் காட்டத்தான் இந்த மேசையைச் செய்தோம். வேறு இடங்களில் தாதியம் படிப்பிப்பவர்களும் செய்து பார்க்கலாம் என்பதால் எப்படிச் செய்தோம் என்று விரிவாக எழுதுகிறேன்.

இதற்கென்றே செய்த மேசைகள் சந்தையில் உண்டு. அனாடமேஜ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மேசை 2011 முதல் விற்பனையில் இருக்கிறது. ஆள் நீளத்துக்குப் படுத்திருக்கும் திரை, விரலால் கோடு இழுத்தால் உடம்பு அந்த இடத்தில் வெட்டுப்படும். விலை பல்லாயிரம் டொலர், எங்களுக்கு எட்டாது. ஆனால் அந்த மேசையைப் பிரித்து யோசித்தால் உள்ளே இருப்பவை மூன்றுதான்: உண்மையான உடம்பின் வெட்டுப் படங்கள், அவற்றை அடுக்கி எந்தத் திசையிலும் வெட்டிக் காட்டும் சொப்ட்வெயர், ஆள் அளவில் காட்டும் திரை. முதல் இரண்டும் இலவசமாகவே கிடைக்கின்றன. திரைக்கு மட்டும்தான் நாங்கள் அலைய வேண்டியிருந்தது.

படங்கள் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் விசிபிள் ஹியூமன் திட்டத்தில் இருந்து வந்தவை. ஓர் ஆணின் உடலை நீல ஜெலற்றினுக்குள் உறைய வைத்து, குறுக்காக 1 மில்லிமீற்றர் 1 மில்லிமீற்றராகச் சீவி, ஒவ்வொரு முறையும் தெரிந்த வெட்டுப் பரப்பைப் படம் எடுத்தார்கள். மொத்தம் 1,871 வெட்டுகள். 1994 இல் அவை வெளியாகின. அடுத்த ஆண்டு ஒரு பெண்ணின் உடல் வந்தது, அதில் வெட்டுகள் 0.33 மில்லிமீற்றர் இடைவெளியில், 5,000 இற்கும் மேல். முன்பு அனுமதி கேட்டு எழுதித்தான் எடுக்க வேண்டும். 2019 இல் இருந்து அதுவும் தேவையில்லை, யாரும் தரவிறக்கலாம். ஆணின் தரவு 15 ஜீபி அளவு, பெண்ணின் தரவு 40 ஜீபி அளவு. முழுவதும் ஒரேயடியாக வேண்டியதில்லை. தலை, நெஞ்சு, வயிறு, இடுப்பு, தொடை என்று பகுதி பகுதியாக இருப்பதால் இடுப்பையும் தொடையையும் முதலில் இரவு நேர டேட்டாவில் இறக்கினோம்.

இனித் திரை. ஆணின் வெட்டுப் படம் ஒவ்வொன்றும் 2048க்கு 1216 புள்ளிகள், ஒரு புள்ளி உடம்பில் 0.33 மில்லிமீற்றர். 55 அங்குல ரீவி ஒன்றின் படப் பரப்பு அகலப்பாட்டுக்கு ஏறத்தாழ 122 சென்ரிமீற்றர். அது 4கே திரையானால் அந்த அகலத்தில் 3,840 புள்ளிகள், அதாவது புள்ளி ஒன்று 0.317 மில்லிமீற்றர். இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைக் கண்டதும் வேறு அளவுகளைத் தேடுவதை விட்டுவிட்டேன். படத்தை நூற்றுக்கு நாலு வீதம் பெருப்பித்தால் திரையில் தெரியும் இடுப்பு, அந்த மனிசருடைய இடுப்பின் அளவிலேயே இருக்கும். 122 சென்ரிமீற்றர் நீளத்துக்கு முழு ஆள் கொள்ளாதுதான். தலையில் இருந்து தொடையின் பாதிக்கு மேல் வரை கொள்ளும், தாதியத்துக்கு அது காணும்.

கஸ்தூரியார் வீதிப் பக்கம் பாவித்த ரீவிகள் பார்த்தபோது நாங்கள் விலையை விட ஒரு விஷயத்தைத்தான் கவனித்தோம். ரீவியைப் படுக்க வைத்தால் பிள்ளைகள் நாலு பக்கமும் நின்று சரிவாகப் பார்ப்பார்கள். சில பனல்கள் நேரே பார்த்தால் திறமாக இருக்கும், பக்கவாட்டில் நின்றால் கறுப்பு சாம்பலாக வெளுத்துவிடும். தசைக்கும் கொழுப்புக்கும் நடுவே இருக்கும் மெல்லிய கோடு அப்போது காணாமல் போகும். அதனால் பக்கவாட்டில் பார்த்தாலும் அவ்வளவாக வெளுக்காத ஐபிஎஸ் வகைப் பனல் உள்ளதாகத் தேடி எடுத்தோம். கடையில் வெட்டுப் படம் ஒன்றைப் பென் ட்ரைவில் போட்டு, ரீவியைத் தரையில் கிடத்தி, சுற்றிவர நின்று பார்த்துத்தான் வாங்கினோம். கடைக்கார அண்ணைக்கு விஷயம் விளங்கியதும் அவரே வேறு இரண்டை எடுத்து வந்து கிடத்திக் காட்டினார்.

மேசைச் சட்டத்தை பொக்ஸ் பாரில் வெல்டிங் பட்டறையில் செய்வித்தோம். பூட்டுள்ள வீல் நாலு. உயரம் பிள்ளைகளின் இடுப்புக்குச் சற்று மேலே, வாட்டுக் கட்டிலின் உயரத்தைப் பார்த்தே வைத்தது. ரீவியின் பாரம் சுவரில் மாட்டுவதற்காக அதன் பின்பக்கத்தில் இருக்கும் வெசா துளைகளில்தான் தங்க வேண்டும், ஓரங்களில் தங்கினால் பனல் நெளியும். படுக்க வைத்த ரீவிக்குச் சூடு மேலே ஏறிக் கண்ணாடிக்குக் கீழே தங்குகிறது. அதனால் அடிப்பக்கத்தை மூடாமல், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறு கொம்பியூட்டர் விசிறிகள் பூட்டினோம். மேலே 6 மில்லிமீற்றர் டெம்பர்ட் கண்ணாடி. இந்தக் கண்ணாடியைப் பதப்படுத்திய பிறகு வெட்டவோ துளைக்கவோ ஏலாது, அளவை முதலே முடிவு செய்து கொடுக்க வேண்டும். பிள்ளைகள் இரண்டு முழங்கையையும் ஊன்றிக் குனிவார்கள், கண்ணாடி இல்லாமல் ரீவி ஒரு தவணை தாங்காது.

தொடுதிரைக்கு அகச்சிவப்புச் சட்டம். யூஎஸ்பி வயரைக் குத்தினால் கொம்பியூட்டர் அதை விரல் என்று எடுத்துக்கொள்ளும். சட்டத்தின் ஓரங்களில் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன, அவற்றை மறிப்பது எதுவானாலும் அது தொடுகைதான். பிள்ளை குனியும்போது கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை கண்ணாடியைத் தட்டும், இடுப்பு சுழன்று தலைகீழாகும். அட்டையைப் பைக்குள் வைத்துவிட்டு வரச் சொல்வதே இதற்கு மருந்து. பின்னேர வெயில் யன்னலால் நேரே விழுந்தாலும் சட்டம் தடுமாறும். மேசையை மேற்கு யன்னலில் இருந்து தள்ளி, தடித்த திரைச்சீலை போட்டோம். நேர் மேலே இருந்த ரியூப் லைட் கண்ணாடியில் வெள்ளைக் கோடாக விழுந்ததால் அந்த ஒன்றை மட்டும் நிற்பாட்டி வைக்கிறோம். எங்கள் ஊர்ப் புழுதியில் சட்டத்தின் ஓரத்தைக் கிழமைக்கொரு தடவை மென்துணியால் துடைக்காவிட்டால் ஒரு பட்டையில் விரல் வேலை செய்யாது.

ஆள் அளவு சரியா என்று பார்ப்பதுதான் இந்த வேலையில் தவிர்க்கவே கூடாத படி. பல ரீவிகள் படத்தின் ஓரத்தை வெட்டிக் கொஞ்சம் பெருப்பித்தே காட்டும். அதை ரீவியின் மெனுவில் நிற்பாட்ட வேண்டும். பிறகு திரையில் சரியாக 200 மில்லிமீற்றருக்கு ஒரு கோடு வரைந்து, உருக்கு அடிமட்டத்தைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தோம். கண்ணாடியின் தடிப்பால் சரிந்து பார்த்தால் ஒரு மில்லிமீற்றர் இரண்டு மில்லிமீற்றர் பிசகும், நேர் மேலே நின்று பார்க்க வேண்டும். ஊசியின் நீளத்தைப் பிள்ளை திரையோடு ஒப்பிடப் போகிறாள் என்றால் இந்த அளவு பிழைக்கக்கூடாது.

சொப்ட்வெயர் 3டி ஸ்லைசர், இலவசம். மருத்துவப் படங்களுக்கென்றே செய்தது. பாவித்த டெஸ்க்டொப் ஒன்றில் 16 ஜீபி நினைவகமும் தனியான கிராபிக்ஸ் கார்டும் இருந்தன. வெட்டுப் படம் ஒன்று நினைவகத்தில் 7.5 எம்பி பிடிக்கும். முழு உடலையும் ஏற்றினால் கொம்பியூட்டர் திணறும், பகுதியாக ஏற்றினால் ஓடும். படங்களை அடுக்காக ஏற்றியதும் முதலில் புள்ளி இடைவெளியைக் கையால் கொடுக்க வேண்டும்: குறுக்கே 0.33, நெடுக்கே 0.33, வெட்டுக்கு வெட்டு 1. கொடுக்காவிட்டால் சொப்ட்வெயர் எல்லாமே 1 என்று நினைத்துக்கொள்ளும், உடம்பு மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு நசிந்து தெரியும். சுற்றியிருக்கும் நீல ஜெலற்றினை நீக்கப் படத்தின் சிவப்பு நிறப் பதிவை மட்டும் பிரித்தெடுத்தோம். நீலம் அதில் கறுப்பாகிவிடுவதால் தோலின் எல்லை வடிவாகப் பிரிந்து வரும். எலும்புக்கு அதே உடலின் சீரீ படங்கள், அதாவது எக்ஸ்ரே கதிரால் எடுத்த வெட்டுப் படங்கள், உண்டு. உறைய வைக்க முன் எடுத்தவையும் இருக்கின்றன, பின் எடுத்தவையும் இருக்கின்றன. உறைந்த பின் எடுத்ததைப் பாவிப்பது நல்லது, வெட்டுப் படத்தில் உடம்பு கிடக்கும் கிடையோடு அதுதான் பொருந்தும்.

ஷிப்ட் விசையை அழுத்தியபடி ஒரு காட்சியில் மவுஸை நகர்த்தினால் மற்ற இரண்டு திசைக் காட்சிகளும் அதே புள்ளிக்கு ஓடி வரும். இந்த ஒரு வசதிக்காகவே ஸ்லைசரை மற்றவற்றை விட மேலாக வைக்கிறேன். அதனால் தொடுதிரை இருந்தும் மேசையின் ஓரத்தில் வயரில்லாத மவுஸ் ஒன்று எப்போதும் கிடக்கிறது.

புட்டத்தின் வழியே காலுக்கு இறங்கும் பெரிய நரம்பான சியாட்டிக் நரம்பைப் பிரித்தெடுத்ததுதான் எல்லாவற்றிலும் நீண்ட வேலை. இந்தப் படங்களில் நரம்பின் நிறமும் கொழுப்பின் நிறமும் கிட்டத்தட்ட ஒன்று. புட்டத்துக்குள் நேரே தேடினால் பிடிபடாது. தொடையில் இருந்து தொடங்கினோம். தொடையின் பின்பக்கம், பைசெப்ஸ் ஃபெமோரிஸ் தசைக்கு உட்புறமாக, மங்கல் மஞ்சள் நிறத்தில் தட்டையான ஒரு முட்டை வடிவம். உற்றுப் பார்த்தால் உள்ளே சிறு சிறு புள்ளிகள், நரம்பிழைக் கட்டுகள். கொழுப்பில் அந்தப் புள்ளிகள் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வெட்டாக மேலே ஏறினோம். குந்தும் எலும்பின் முட்டுக்கும் தொடையெலும்பின் மேல் வெளிப்பக்க முட்டான கிரேட்டர் ட்ரொகான்டருக்கும் நடுவே வந்து, புட்டத்தின் பெரிய தசையான குளூட்டியஸ் மக்சிமஸுக்கு அடியில் படுத்து, பிரிஃபோர்மிஸ் தசையின் கீழ் விளிம்பில் இடுப்புக்குள் மறைகிறது. ஐந்து வெட்டுக்கு ஒரு தடவை சிறு தூரிகையால் பூசிவிட்டு, இடையில் உள்ளவற்றை நிரப்பும் கருவியை ஓடவிட்டால் மிச்சத்தைச் சொப்ட்வெயர் செய்துவிடும். அது நிரப்பியதை அப்படியே நம்பாமல் திரும்ப ஒரு முறை வெட்டு வெட்டாகப் பார்த்துத் திருத்த வேண்டும். பிரிஃபோர்மிஸுக்குக் கீழே வரும் இடத்தில் எங்களுக்குச் சந்தேகம் வந்தது. உடற்கூற்றியல் படிப்பிக்கும் டொக்டர் ஒருவரிடம் காட்டி உறுதிப்படுத்திய பிறகே வகுப்புக்குக் கொண்டுபோனோம். இந்தப் பூச்சு வேலையைப் பிள்ளைகளிடமே கொடுக்கலாம் என்று பிறகு விளங்கியது. வெட்டு வெட்டாக நரம்பைத் தொடர்ந்து போன பிள்ளைக்கு அதன் பாதையைத் திரும்பப் படிப்பிக்க வேண்டியதில்லை.

வகுப்பு தோலில் தொடங்குகிறது. திரையில் உள்ளுறுப்பு எதுவும் தெரியாது, தோல் மூடிய இடுப்பு மட்டும் ஆள் அளவில் கிடக்கும். புட்டத்தில் ஊசி போடும் இடத்தைக் காட்டு என்றால் பிள்ளை விரல் வைப்பாள். அந்த இடத்தில் ஒரு புள்ளியைக் குத்திவிட்டு உடம்பை அந்த உயரத்தில் குறுக்கே வெட்டிக் காட்டுவோம். தோல், பிறகு கொழுப்பு, பிறகுதான் தசை. ஊசி ஒன்றை மூடியோடு எடுத்துத் திரையில் கிடத்தி, நுனி எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பார்கள். சிலருடைய புள்ளியில் ஊசி கொழுப்புக்குள்ளேயே நின்றுவிடும். உட்பக்கமாகவும் கீழாகவும் சரிந்த புள்ளியில் நுனிக்கு நேரே நாங்கள் பூசிய மஞ்சள் நரம்பு நிற்கும். மேல் வெளிக் கால்வாசி என்று மனப்பாடமாகச் சொன்ன பிள்ளையே விரலை வேறு இடத்தில் வைத்திருப்பாள். புட்டத்தை நாலாகப் பிரிக்கும்போது அதன் எல்லை எது என்பதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் வருவதால்தான் இப்படி ஆகிறது.

அதன் பிறகு இடுப்பின் பக்கவாட்டில் ஊசி போடும் வென்ட்ரோகுளூட்டியல் இடம். இதற்குக் கண்மதிப்பு வேண்டாம், எலும்பைத் தொட்டுத்தான் கண்டுபிடிப்பது. நோயாளியின் இடது இடுப்பானால் வலது கை. உள்ளங்கையின் அடி கிரேட்டர் ட்ரொகான்டரில், சுட்டுவிரல் இடுப்பெலும்பின் முன் மேல் முனையில், நடுவிரலை இடுப்பெலும்பின் மேல் விளிம்பான இலியக் கிரெஸ்ட் வழியே பின்னால் விரித்தால் இரண்டு விரலுக்கும் நடுவில் வரும் முக்கோணம்தான் இடம். பிள்ளை கண்ணாடியில் தன் கையை அப்படியே வைப்பாள். திரை ஆள் அளவில் இருப்பதன் பலன் இங்கேதான் முழுவதாகத் தெரியும். கையை எடுத்ததும் அந்த இடத்தில் வெட்டுகிறோம்: குளூட்டியஸ் மீடியஸ் தசை, அதன் அடியில் குளூட்டியஸ் மினிமஸ் தசை, அதற்கும் அடியில் எலும்பு. கொழுப்பு மெல்லியது. சியாட்டிக் நரம்பு தூரத்தில், பின்னால். ஏன் இந்த இடத்தைப் பாதுகாப்பானது என்று சொல்கிறோம் என்பதற்கு நான் அதற்குமேல் ஒரு வசனமும் பேச வேண்டி வரவில்லை.

ஆனால் மேசையோடு விட்டுவிட்டால் பாடம் பாதிதான். கண்ணாடியில் எலும்பு கைக்குத் தட்டுப்படாது. அதனால் ஒவ்வொரு இடத்துக்கும் மேசைக்குப் பக்கத்தில் இரட்டையராக நின்று, சீருடைக்கு மேலாகவே, ஒருவர் மற்றவருடைய எலும்பு முட்டுகளைத் தொட்டுச் சிறு ஸ்ரிக்கர் ஒட்ட வேண்டும். பெண் பிள்ளைகள் தங்களுக்குள், ஆண் பிள்ளைகள் தங்களுக்குள், இடையில் திரைச்சீலை. கூச்சம் உள்ள பிள்ளையை வற்புறுத்துவதில்லை, அவருக்குத் தன் உடம்பிலேயே தொட்டுப் பார்க்கலாம். மெலிந்த பிள்ளையில் ட்ரொகான்டர் உடனே அகப்படும், உடம்பான பிள்ளையில் காலை உள்ளேயும் வெளியேயும் திருப்பச் சொல்லி, கைக்குக் கீழே எது உருளுகிறது என்று பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். திரையில் பார்த்த ஆழமும் விரலில் பட்ட எலும்பும் ஒரே பாட நேரத்துக்குள் சேர வேண்டும், மறுநாளுக்குத் தள்ளினால் அந்தப் பிடி விட்டுப்போகிறது.

கதீற்றர் பாடத்துக்கு உடம்பை இடது வலதாக நடுவே பிளந்து காட்டுகிறோம். ஆணின் சிறுநீர் வழி ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர், இரண்டு வளைவு, நடுவே புரொஸ்டேட் சுரப்பி. ஆணுறுப்பை உயர்த்திப் பிடிக்கச் சொல்வது முன் வளைவை நிமிர்த்தத்தான் என்பது பக்கவாட்டு வெட்டில் ஒரு பார்வையில் விளங்கும். பெண்ணில் அது 4 சென்ரிமீற்றர்தான். பெண்ணின் வெட்டுகள் மூன்று திசையிலும் ஒரே இடைவெளி என்பதால் பக்கவாட்டுக் காட்சி ஆணை விடத் துல்லியமாக வருகிறது. மூக்கால் விடும் குழாய்க்கும் இதே நடுவெட்டுதான்: மூக்கின் தளம் படுக்கையாக இருப்பதைக் கண்டால் பிள்ளை குழாயை மேல்நோக்கித் தள்ள மாட்டாள்.

இந்த உடல் யாருடையது என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். ஆண், ஜோசப் போல் ஜேர்னிகன். 1993 இல் அமெரிக்காவின் டெக்சாஸில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டவர், உடலை மருத்துவத்துக்கு எழுதிக் கொடுத்தவர். சிறையில் இருக்கும் ஒருவரின் சம்மதம் எவ்வளவு சுதந்திரமானது என்று அப்போதே பலர் கேட்டார்கள், எங்கள் பிள்ளைகளும் கேட்கிறார்கள். பெண்ணின் பெயர் வெளியிடப்படவில்லை. மேசைக்கு மேல் பகிடி, செல்ஃபி இரண்டும் கூடாது என்பது அங்கே எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது. ஒரு மனிசரைச் சீவிய படம் அது, பொம்மை அல்ல.

உள்ளூர் நோயாளிகளின் சீரீ படங்களைப் போடலாமே என்று பலர் கேட்டார்கள். அந்தப் படங்கள் வரும் டைகொம் என்ற கோப்பின் உள்ளேயே நோயாளியின் பெயர், வயது, பதிவு இலக்கம் எல்லாம் எழுதியிருக்கும், கோப்பின் பெயரை மாற்றினால் அவை போகாது. நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு படமும் இந்த மேசைக்கு வராது. நெஞ்சுப் பாடத்துக்கு ஸ்லைசரோடு வரும் மாதிரிப் படங்களே காணும்.

தமிழில் பெயர் ஒட்டப் போனபோது ஸ்லைசருக்குள் எழுத்துகள் கட்டம் கட்டமாக வந்தன. எண்களை ஒட்டிவிட்டு, எண்ணுக்குரிய பெயரையும் விளக்கத்தையும் தமிழில் அச்சிட்டு மேசையின் நாலு பக்கமும் வைத்தோம். தமிழில் விளக்குவது தரம் குறைவு என்று நினைப்பவர்கள் மானிப்பாயை நினைக்க வேண்டும். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த டொக்டர் சாமுவேல் கிறீன் அங்கே தமிழில் மருத்துவம் படிப்பித்தார், உடற்கூற்றியலையும் தமிழில் நூலாக்கி அச்சிட்டார். பிள்ளை பரீட்சையில் ஆங்கிலப் பெயரை எழுதட்டும், ஏன் அந்த இடத்தில் குத்தக்கூடாது என்பது அவளுடைய மொழியிலேயே விளங்க வேண்டும்.

தடுப்பூசி போடும் தோள் தசையான டெல்டொயிட் பாடம் இன்னும் மேசைக்கு வரவில்லை. ஆணின் உடல் உடற்கூற்று நிலையில் கைகளை நேரே வைத்து உறைய வைக்கப்படவில்லை, அதனால் கைகளில் வெட்டுகள் சரிவாக விழுந்திருக்கின்றன. தோளின் மேல் எலும்பு முனையான அக்ரோமியனில் இருந்து அந்தத் தசைக்கு அடியில் ஓடும் அக்சிலரி நரம்பு வரையுள்ள ஐந்து சென்ரிமீற்றர் அளவான தூரத்தை அந்த வெட்டில் நேரே அளந்தால் பிழைக்கும். வெட்டும் தளத்தை மேற்கை எலும்பின் நீளத்துக்குச் சரித்து, அந்த நரம்பையும் பூசி எடுக்க வேண்டும். இப்போது இரண்டு பிள்ளைகள் பாடம் முடிந்த பிறகு இருந்து அதைச் செய்கிறார்கள். அது சரிபார்த்து முடியும்வரை தடுப்பூசி இடத்தை எலும்புக்கூட்டை வைத்தும் அவரவர் தோளைத் தொட்டும் படிப்பிக்கிறோம்.